துண்டில மி.கி., போத்தலில மி.லீ.: பிள்ளைக்கு எவ்வளவு பாணி இழுக்கிறது?

கொட்டாஞ்சேனை_மலர்

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைக்கு ஒரு வயசு, நிறை 9 கிலோ. காய்ச்சலுக்கு டொக்டர் துண்டில "பரசிற்றமோல் 135 மி.கி., 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா" எண்டு எழுதியிருக்கிறார். பாணிப் (சிரப்) போத்தலில "120 மி.கி. / 5 மி.லீ." எண்டு போட்டிருக்கு. பாமசியில ஒட்டின லேபலில "தே ஹெந்தி 1" (சிங்களத்தில ஒரு தேக்கரண்டி) எண்டு பேனையால எழுதியிருக்கு, வேற ஒண்டும் இல்லை. வீட்டில 5 மி.லீ. சிறிஞ்ச் ஒண்டும், போத்தல் மூடியில மாட்டி வந்த சின்னக் கோப்பையும் இருக்கு. எத்தனை மி.லீ. குடுக்கவேணும்? கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கோ, அடுத்த முறை நானே செய்துபார்ப்பன்.

சமன்பாடு77

1 மி.லீ. எண்டால் 1 கிராம், அதாவது 1000 மி.கி. அப்ப 135 மி.கி.க்கு 0.135 மி.லீ. இன்சுலின் சிறிஞ்ச் வாங்கினால் அந்தச் சின்ன அளவையும் இழுக்கலாம்.

பாமசி_மேசை

தம்பி, அந்த 0.135 மி.லீ. பாணிக்குள்ள இருக்கிறது 3 மி.கி. சொச்சம் மருந்து. காய்ச்சல் அசையாது. மலர் தங்கச்சி, அந்தக் கணக்கை விடுங்கோ.

1 மி.லீ. 1 கிராம் எண்டது தண்ணிக்குப் பொருந்தும், அதுவும் முழுத் தண்ணியின்ர நிறைக்கு. போத்தலில எழுதியிருக்கிற 120 மி.கி. பாணியின்ர நிறை இல்லை. அந்த 5 மி.லீ. பாணிக்குள்ள கலந்திருக்கிற பரசிற்றமோலின்ர நிறை மட்டும்தான் அது. மிச்சமெல்லாம் சீனி, தண்ணி, நிறம், வாசம். பிளேன்ரீயைப் பாருங்கோ: கோப்பை ஒரே அளவுதான், ஒருத்தர் ஒரு கரண்டி சீனி போடுவார், மற்றவர் மூண்டு போடுவார். கோப்பை எவ்வளவு கொள்ளும் எண்டதை வைச்சு சீனி எவ்வளவு எண்டு சொல்லேலாது. மி.கி. மருந்தின்ர அளவு, மி.லீ. அது கரைஞ்சிருக்கிற இடத்தின்ர அளவு. ரெண்டையும் இணைக்கிறது போத்தலில இருக்கிற செறிவு மட்டும்தான். அந்த இலக்கம் தெரியாமல் ஒண்டிலயிருந்து மற்றதுக்குப் போக வழியே இல்லை.

இப்ப கணக்கு. முதல்ல 1 மி.லீ.இல எவ்வளவு எண்டு எடுங்கோ: 120 ஐ 5 ஆல பிரிச்சால் 24 மி.கி. பிறகு வேண்டிய 135 ஐ 24 ஆல பிரியுங்கோ: 5.625 மி.லீ. வாற தசமத்தைக் கொஞ்சம் கீழ நோக்கி வெட்டி 5.6 மி.லீ. எண்டு வையுங்கோ.

இங்க நிக்காமல் ஒருக்கா திருப்பிப் பாருங்கோ. 5.6 ஐ 24 ஆல பெருக்கினால் 134.4 மி.கி. அதை 9 கிலோவால பிரிச்சால் கிலோவுக்கு 14.9 மி.கி. பரசிற்றமோலுக்கு ஒரு தடவைக்கு கிலோவுக்கு 10 இலயிருந்து 15 மி.கி. எண்டதுதான் வழமை, ஆகவே சரி. திருப்பிப் பார்க்கிறதுக்கு அரை நிமிசம் போதும். பெருக்கவேண்டிய இடத்தில பிரிச்சிருந்தால் அது உடன பிடிபடும்.

"தே ஹெந்தி 1" எண்டது 5 மி.லீ., அதாவது 120 மி.கி. உங்கட பிள்ளைக்கு கிலோவுக்கு 13 மி.கி. அளவில வருது. அளவு பிழையில்லை. பிழைக்கிறது கரண்டியில.

ஒண்டு கவனியுங்கோ. டொக்டர் மி.கி.யில எழுதினது நல்ல பழக்கம். பாமசி எந்தப் போத்தலைத் தந்தாலும் 135 மி.கி. எண்டது மாறாது. "5.5 மி.லீ." எண்டு மட்டும் எழுதினால் அவர் மனசில ஒரு செறிவை வைச்சுத்தான் எழுதுறார். 120 மி.கி. பாணி முடிஞ்சுபோய் 250 மி.கி. / 5 மி.லீ. பாணியைத் தந்தால் அதே 5.5 மி.லீ.இல 275 மி.கி. போகும். இரண்டு மடங்குக்கும் மேல. துண்டில மி.லீ. மட்டும் இருந்தால் "எந்தச் செறிவுக்கு?" எண்டு அங்கேயே கேளுங்கோ. நாங்களும் டொக்டருக்கு கோல் எடுத்துக் கேக்கிறனாங்கள்.

வாட்_மிஸ்

கணக்கு சரி. சிறிஞ்சைப் பற்றி நான் சொல்லுறன், வீட்டில கூடப் பிழைக்கிறது அதிலதான்.

5 மி.லீ. சிறிஞ்சில ஒரு சின்னக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில 0.2 மி.லீ. கனபேர் அதை 0.1 எண்டு எண்ணுவினம், அப்ப அளவு இரட்டிச்சுப்போகும். முதல்ல 1 க்கும் 2 க்கும் இடையில எத்தனை பிரிவு எண்டு எண்ணுங்கோ. அஞ்சு பிரிவு எண்டால் 0.2, பத்து எண்டால் 0.1. உங்களுக்கு வேண்டியது 5.6, சிறிஞ்ச் 5 வரைக்கும்தான். ஆகவே 2.8 படி ரெண்டு தரம் இழுங்கோ. 2.8 கோட்டிலயே விழும். 10 மி.லீ. சிறிஞ்ச் சிலதில 0.5க்கு ஒரு கோடு. அதில 5.5 இழுத்தால் 132 மி.கி., அதுவும் நல்ல அளவுதான். ரெண்டு கோட்டுக்கு நடுவில குத்துமதிப்பாப் பிடிக்கிறதை விட, கோட்டில விழுற அளவைத் தெரிஞ்செடுக்கிறது நல்லம்.

எந்த இடத்தை வாசிக்கிறது? உள்ளே போற தண்டின்ர நுனியில கறுப்பு ரப்பர் இருக்கு. அதில சிறிஞ்சின்ர சுவரோட ஒட்டுற ரெண்டு வளையம் தெரியும். வாய்ப்பக்கமா இருக்கிற முதலாவது வளையத்தின்ர விளிம்பைத்தான் கோட்டோட சேர்த்துப் பார்க்கவேணும். கூம்பு மாதிரித் துருத்திக்கொண்டு நிக்கிற நடு நுனியையும் பார்க்கக்கூடாது, பின்பக்க வளையத்தையும் பார்க்கக்கூடாது.

போத்தலை நல்லாக் குலுக்குங்கோ. பரசிற்றமோல் பாணியில பெரும்பாலானது தொங்கல், மருந்துத் துகள் அடியில படியும். குலுக்காமல் எடுத்தால் முதல் நாள் மருந்து குறைஞ்சும், போத்தல் முடியிற நேரம் கூடியும் போகும். குலுக்கின உடன நுரை இருக்கும், ஒரு நிமிசம் விடுங்கோ. பிறகு கொஞ்சப் பாணியை ஒரு சின்னச் சுத்தமான கோப்பையில ஊத்தி அதிலயிருந்து இழுங்கோ, சிறிஞ்சைப் போத்தலுக்குள்ள விடாதேங்கோ. வேண்டியதை விடக் கொஞ்சம் கூட இழுத்து, வாயை மேல பிடிச்சுத் தட்டினால் காத்துக்குமிழ் மேல ஏறும். அதை வெளியில தள்ளி, பிறகு கோட்டுக்குக் கொண்டுவாங்கோ. ஒரு பெரிய குமிழ் 0.3, 0.4 மி.லீ. இடத்தைப் பிடிக்கும். 5 மி.லீ.இல அது பெரிசாத் தெரியாது. 1 மி.லீ. சொட்டு மருந்தில மூண்டில ஒரு பங்கு போயிடும்.

குடுக்கேக்க கன்னத்தின்ர உள்பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா. தொண்டைக்கு நேர பீச்சினால் புரைக்கேறும். பாமசியில சிறிஞ்ச் வாங்கினால் ஊசியும் அதே பைக்கற்றில வரும். ஊசியையும் அதின்ர மூடியையும் உடனேயே அகற்றி பிள்ளைக்கு எட்டாத இடத்தில போடுங்கோ. மூடி வாய்க்குள்ள போனால் மூச்சை அடைக்கும்.

சமன்பாடு தம்பி சொன்ன இன்சுலின் சிறிஞ்சை வாய் மருந்துக்கு எடுக்கவே வேண்டாம். அதில இருக்கிற இலக்கம் மி.லீ. இல்லை, அலகு. இங்க வழமையாப் பாவிக்கிறதில 10 எண்டு இருக்கிற கோடு 0.1 மி.லீ. அதோட ஊசி கழராதபடி பொருத்தியிருக்கும்.

கொட்டாஞ்சேனை_மலர்

மிஸ், நன்றி. என்ர சிறிஞ்சிலயும் அஞ்சு பிரிவுதான். மூடிக் கோப்பையில 2.5, 5, 7.5, 10 எண்டு கோடு இருக்கு. அதைப் பாவிக்கக்கூடாதோ?

வாட்_மிஸ்

5, 10 மாதிரி கோட்டில சரியா விழுற அளவுக்குப் பாவிக்கலாம், ஆனால் கையில தூக்கிப்பிடிச்சுப் பார்க்கக்கூடாது. மேசையில வைச்சு, கண்ணை அந்தக் கோட்டு மட்டத்துக்குக் குனிஞ்சு கொண்டுவந்து, பாணி நடுவில குழிஞ்சு நிக்கிற கீழ் மட்டத்தைப் பாருங்கோ. மேலயிருந்து பார்த்தால் உண்மையில இருக்கிறதை விடக் கூடத் தெரியும். 5க்குக் குறைஞ்ச எதுக்கும் கோப்பை வேண்டாம். தடிப்பான பாணி அடியிலயும் ஓரத்திலயும் ஒட்டி நிக்கும். கொஞ்சத் தண்ணி விட்டுச் சுழற்றி அதையும் குடுக்கவேணும்.

பேக்கரி_ரதி

கேக் செய்யிறதுக்கு எல்லாத்தையும் நிறுத்துத்தான் போடுறனான், கரண்டியை நம்புறதில்லை. செட்டியார் தெருவில நகைக்கடைக்காரர் பாவிக்கிற சின்ன டிஜிற்றல் தராசு 0.01 கிராம் வரைக்கும் காட்டும். அதில பாணியை நிறுத்துக் குடுத்தால் சிறிஞ்சை விடத் திருத்தமா இருக்காதோ?

ஆய்வுகூட_வாங்கு

தராசு திருத்தமானதுதான். ஆனால் அது நமக்கு வேண்டிய பொருளை நிறுக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

பாடசாலையில் படித்த திணிவு, கனவளவு, அடர்த்தி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியான சீனிப்பாணியின் அடர்த்தி மி.லீ.க்கு ஏறத்தாழ 1.3 கிராம். எனவே 5 மி.லீ. சீனிப்பாணி 6.5 கிராம் நிறுக்கும். தேன் என்றால் 7 கிராம், தேங்காயெண்ணெய் என்றால் 4.6 கிராம். 5 கிராம் காட்டும்வரை சீனிப்பாணியை ஊற்றினால் கிடைப்பது 3.8 மி.லீ. மட்டுமே, அதாவது மருந்து கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறையும். சீனி இல்லாத பாணிகளின் அடர்த்தி இன்னும் வேறு. அடர்த்தியை லேபலில் எழுதும் வழக்கம் இல்லாததால் இந்தப் பிழையை வீட்டில் திருத்தவும் முடியாது. தயாரிப்பாளர் செறிவை "இத்தனை மி.லீ.இல் இத்தனை மி.கி." என்றுதான் தருகிறார். எனவே வாய்வழி மருந்தைக் கனவளவாகவே அளக்க வேண்டும்.

தராசுக்கு நல்ல வேலை ஒன்று உண்டு. வீட்டுக் கரண்டியும் கோப்பையும் உண்மையில் எவ்வளவு கொள்ளும் என்று தண்ணீரால் சோதிக்கலாம். வெறும் கரண்டியைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, விளிம்புவரை தண்ணீர் விடுங்கள். காட்டும் கிராமே மி.லீ. கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி 0.996 தான், வித்தியாசம் அரை வீதத்திற்கும் குறைவு. கிரேக்க நாட்டு வீடுகளில் இருந்த தேக்கரண்டிகளை அளந்து 2010 இல் வெளிவந்த ஆய்வொன்றில் மிகச் சிறியது 2.5 மி.லீ., மிகப் பெரியது 7.3 மி.லீ. நம் வீட்டு அலமாரியில் உள்ள சீனிக் கரண்டி, பாயாசக் கரண்டி, பழைய வெள்ளிக் கரண்டி எல்லாவற்றையும் இப்படி அளந்து பாருங்கள். "ஒரு கரண்டி" என்ற சொல்லை மருந்துக்கு ஏன் விடவேண்டும் என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். தேக்கரண்டிக்குப் பதில் மேசைக்கரண்டி கைக்கு வந்தால் 5 மி.லீ. 15 மி.லீ. ஆகிவிடும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015 இலேயே கரண்டிக் கணக்கை விட்டு மி.லீ.இல் மட்டும் எழுதும்படி பரிந்துரைத்தது. நம் பாமசி லேபல்களிலும் "தே ஹெந்தி" போய் மி.லீ. வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளவத்தை_கடற்கரை

இதோட சேர்ந்த கேள்வி. ரொறொன்ரோவில இருந்து வந்த சொந்தக்காரர் பிள்ளைப் பரசிற்றமோல் போத்தல் தந்துபோட்டுப் போயிருக்கினம். லண்டன் போத்தலும் ஒண்டு இருக்கு. பெயர், படம் எல்லாம் பிள்ளைகளுக்கானதுதான். உள்ளூர்ப் பாணி குடுக்கிற அளவிலயே குடுக்கலாமா?

பாமசி_மேசை

இல்லை, இல்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இது எந்த நேரமும் நடக்கக்கூடியது, ஒவ்வொரு வீட்டிலயும் நாலு நாட்டுப் போத்தல் நிக்கும். அதால விரிவாச் சொல்லுறன்.

கனடாவில பிள்ளைகள் பாணி 5 மி.லீ.க்கு 160 மி.கி., அதாவது 1 மி.லீ.இல 32. அங்கயே கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து 1 மி.லீ.இல 80. கைக்குழந்தை எண்டு பேர் இருக்கிறதால வலு குறைஞ்சது எண்டு நினைப்பினம். உண்மை தலைகீழ்: கைக்குழந்தை அதிகம் விழுங்காது எண்டதால குறைஞ்ச மி.லீ.இல கூட மருந்தை அடைச்சிருக்கு. லண்டனில சின்னப் பிள்ளைகளின்ர பாணி 120 / 5, ஆறு வயசுக்கு மேல் எண்டு விக்கிறது 250 / 5. சென்னையில இருந்து வாற சொட்டு மருந்து 1 மி.லீ.இல 100 மி.கி., பாணியில 125, 250 எண்டு ரெண்டும் உண்டு. அமெரிக்காவில முந்தி சொட்டு மருந்து மி.லீ.க்கு 100 ஆ இருந்தது. பாணியின்ர அளவில அதைக் குடுத்துக் கரைச்சல் வந்ததாலதான் 2011 இல தயாரிப்பாளர்கள் எல்லாத்தையும் 160 / 5 எண்டு ஒரே செறிவுக்குக் கொண்டுவந்தினம்.

மலரின்ர பிள்ளைக்கு வேண்டிய அதே 135 மி.கி.யை இந்தப் போத்தல்களில வைச்சுப் பார்ப்பம். 120 / 5 இல 5.6 மி.லீ., 160 / 5 இல 4.2, 250 / 5 இல 2.7, மி.லீ.க்கு 80 எண்டால் 1.7, மி.லீ.க்கு 100 எண்டால் 1.35. பிள்ளை ஒண்டு, மருந்து ஒண்டு, அளவு நாலு மடங்கு வித்தியாசம்.

மாறி 5.6 மி.லீ.ஐ அந்த 100 மி.கி. சொட்டு மருந்தில எடுத்தால் 560 மி.கி. போகும். இந்தப் பிள்ளைக்கு ஒரு முழு நாளைக்கான உச்ச அளவே கிலோவுக்கு 60 படி 540 மி.கி. தான். நாலு தரம் இப்படிக் குடுத்தால் கிலோவுக்கு 249 மி.கி., ஈரலைப் பழுதாக்கக்கூடிய அளவு. ஆகவே போத்தல் மாறினால் கணக்கையும் முதல்ல இருந்து செய்யவேணும். ஒரு போத்தலோட வந்த சொட்டுக்குழாயை மற்றப் போத்தலுக்குப் பாவிக்கக்கூடாது. சில குழாய்களில எல்லா அளவுக்கும் கோடு இருக்காது, ஒண்டு ரெண்டு கோடுதான் இருக்கும். சொட்டு எண்ணுறதும் நம்பேலாது. 20 சொட்டு 1 மி.லீ. எண்டது தண்ணிக்குச் சொல்லுற பொது வழக்கு. குழாயின்ர வாய் அகலமும் பாணியின்ர தடிப்பும் மாற சொட்டும் மாறும்.

வீட்டில ஒரே செறிவில ஒரு போத்தலை மட்டும் வைச்சிருங்கோ. மற்றதுகளை அப்புறப்படுத்துங்கோ.

மருதானை_நிஹ்மத்

நிறையைப் பற்றியும் ஒண்டு சொல்லோணும். வீட்டு நிறைத் தராசில கிலோவும் றாத்தலும் ரெண்டும் இருக்கும். 20 றாத்தல் பிள்ளையை 20 கிலோ எண்டு சொன்னால் மருந்து இரட்டிக்கும், 1 கிலோ 2.2 றாத்தல். மருத்துவமாது எழுதித் தாற வளர்ச்சிக் கொப்பியில கடைசி நிறை கிலோவில இருக்கும், அதைக் கொண்டுபோய்க் காட்டுறது நல்லம். ஆறு மாதத்துக்கு முந்தின நிறையை வைச்சும் கணக்குப் பார்க்கக்கூடாது.

இப்ப என்ர கேள்வி. அன்ரிபயோற்றிக் தூள் போத்தல் தந்திருக்கிறாங்க. "100 மி.லீ." எண்டு இருக்கு. 100 மி.லீ. தண்ணி ஊத்தவா? அதோட துண்டில அமொக்சிசிலின் அளவு மட்டும் இருக்கு, போத்தலில "228 மி.கி. / 5 மி.லீ." எண்டு இருக்கு. 200 எண்டு ஒருத்தர் சொல்றார்.

பாமசி_மேசை

நிஹ்மத் நாநா, 100 மி.லீ. தண்ணி ஊத்தவேண்டாம். 100 எண்டது கலந்து முடிஞ்ச பிறகு வாற மொத்தக் கனவளவு. தூளும் இடம் பிடிக்கும், ஆகவே தண்ணி அதை விடக் குறையத்தான் போகும். 100 முழுக்க ஊத்தினால் மொத்தம் அதைத் தாண்டி மருந்து நீர்த்துப்போகும்.

முதல்ல போத்தலைத் தட்டித் தூளைத் தளர்த்துங்கோ, இல்லாட்டி அடியில கட்டியா ஒட்டி நிக்கும். கொதிச்சு ஆறின தண்ணியை அரைவாசிக்கு விட்டு நல்லாக் குலுக்குங்கோ. ஆறவேணும் எண்டது முக்கியம், சுடுதண்ணியில மருந்தே சிதையும். நுரை அடங்கினாப் பிறகு, போத்தலில இல்லாட்டி லேபலில இருக்கிற கோட்டுக்குச் சரியா வாற வரைக்கும் மிச்சத் தண்ணியை விட்டுத் திரும்பக் குலுக்குங்கோ. நுரையோட கோட்டைப் பார்த்தால் தண்ணி காணாமல் போய் மருந்து செறிவு கூடிநிக்கும். கலந்த திகதியை லேபலில எழுதுங்கோ. வெறும் அமொக்சிசிலின் பிரிஜ்ஜில 14 நாள் வரைக்கும், கிளவுலனிக் அமிலம் சேர்ந்தது 7 நாள். பிரிஜ் கதவில வைக்காமல் உள்தட்டில வையுங்கோ, ஐஸ் பெட்டியில வைக்காதேங்கோ. ஒவ்வொரு தரமும் குலுக்கவேணும். சில மருந்துகளுக்கு பிரிஜ் தேவையில்லை, அந்தந்த லேபலில சொன்னபடி செய்யுங்கோ.

228 எண்டது கூட்டுத்தொகை: அமொக்சிசிலின் 200, கிளவுலனிக் அமிலம் 28.5. இதே மாதிரி 156 எண்டது 125 உம் 31 உம், 457 எண்டது 400 உம் 57 உம். டொக்டர் "அமொக்சிசிலின் 200 மி.கி." எண்டு எழுதியிருந்தால் உங்கட போத்தலில அது 5 மி.லீ. "228 மி.கி." எண்டு எழுதியிருந்தாலும் அதே 5 மி.லீ. தான். 200 ஐ 228 ஆல பிரிச்சுக் கணக்குப் பார்த்தால் 4.4 எண்டு வந்து மருந்து குறையும். 156 போத்தலுக்கும் 457 போத்தலுக்கும் இடையில மாறினால் வித்தியாசம் மூண்டு மடங்கு. இதில ஐமிச்சம் இருந்தால் துண்டையும் போத்தலையும் சேர்த்துப் பாமசியில காட்டுங்கோ, வட்சப்பில பாதிப் படம் அனுப்பிக் கேக்காதேங்கோ.

ஆய்வுகூட_வாங்கு

தூள் கலப்பதைப் பற்றிப் பேசுவதால், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூளையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 ஆம் ஆண்டுக் கலவையில் 20.5 கிராம் தூள் 1 லீற்றர் தண்ணீருக்கு: உப்பு 2.6, குளுக்கோசு 13.5, பொற்றாசியம் குளோரைட்டு 1.5, சித்திரேற்று 2.9. நம் நாட்டில் "ஒரு போத்தல்" என்றால் 750 மி.லீ. பாலும் மண்ணெண்ணெயும் அப்படித்தான் அளந்தார்கள். 1 லீற்றர் பைக்கற்றை அந்தப் போத்தலில் கரைத்தால் சோடியம் லீற்றருக்கு 75 மில்லிமோலிலிருந்து 100 ஆக ஏறும். வயிற்றோட்டத்தில் வாடிய பிள்ளைக்கு அது நல்லதல்ல. 200 மி.லீ. பைக்கற்றுகளும் கடையில் உண்டு, முதலில் பைக்கற்றில் எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். பைக்கற்றைப் பாதியாகப் பிரித்துக் கோப்பையில் கலக்க வேண்டாம். உப்பும் குளுக்கோசும் சமமாகப் பிரிந்து வராது.

கிராண்ட்பாஸ்_சிவா

அம்மாவுக்கு இன்சுலின். கிளினிக் குப்பி முடிஞ்சுபோச்சு, சென்னையில இருந்து கொண்டுவந்த குப்பி இருக்கு. 20 அலகு போடுறவ. இதுவும் மி.லீ. பிரச்சினைதானோ?

வாட்_மிஸ்

அதே பிரச்சினைதான், ஆனால் ஆபத்து கூட. அலகு எண்டது இன்சுலின்ர வேலை செய்யிற வலுவின்ர அளவு. இங்க கிளினிக்கில வழமையாக் கிடைக்கிறது 1 மி.லீ.இல 100 அலகு. இந்தியாவில 1 மி.லீ.இல 40 அலகுக் குப்பியும் இருக்கு. அதுக்குச் சிவப்பு மூடி சிறிஞ்ச், 100 க்கு செம்மஞ்சள் மூடி சிறிஞ்ச்.

40 அலகுக் குப்பியை 100 இன் சிறிஞ்சில 20 கோட்டுக்கு இழுத்தால் வாறது 0.2 மி.லீ., உள்ளே போறது 8 அலகு மட்டும், சீனி ஏறும். மறுபக்கம் 100 அலகுக் குப்பியை 40 இன் சிறிஞ்சில 20 கோட்டுக்கு இழுத்தால் 0.5 மி.லீ., அதாவது 50 அலகு. சீனி இறங்கி மயங்கி விழுவினம், உயிருக்கே ஆபத்து. குப்பியில இருக்கிற இலக்கமும் சிறிஞ்சில இருக்கிற இலக்கமும் ஒண்டா இருக்கவேணும். இல்லாட்டி இழுக்கவே வேண்டாம். மூடியின்ர நிறத்தை மட்டும் நம்பாமல் இலக்கத்தை வாசியுங்கோ. இன்சுலினில ரெண்டு மூண்டு வகை இருக்கிறதால வகையும் அதுதானா எண்டு கிளினிக்கில காட்டிக் கேட்டுப்போட்டுப் போடுங்கோ, சிவா தம்பி.

பாமசி_மேசை

எழுதுற முறையாலயும் பத்து மடங்கு, ஆயிரம் மடங்கு பிழை வரும். அரை மி.லீ.ஐ ".5" எண்டு எழுதினால் புள்ளி மங்கி 5 ஆ வாசிப்பினம், "0.5" எண்டு சுழியோட எழுதவேணும். "5.0" எண்டு எழுதக்கூடாது, 50 ஆ வாசிப்பினம். மைக்ரோகிராமும் மில்லிகிராமும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். தைரொக்சின் குளிசை 25, 50, 100 எண்டு இருக்கிறதெல்லாம் மைக்ரோகிராம். இருதய நோய்ப் பிள்ளைகளுக்குக் குடுக்கிற டிகொக்சின் பாணி 1 மி.லீ.இல 50 மைக்ரோகிராம், அதாவது 0.05 மி.கி. இப்படியான மருந்துகளில 1 மி.லீ. சிறிஞ்ச் இல்லாமல் அளக்கவே கூடாது. விற்றமின் டி சொட்டில 400 அலகு எண்டது சில போத்தலில 1 மி.லீ.இல, சில போத்தலில ஒரே ஒரு சொட்டில. 400 அலகு 10 மைக்ரோகிராம். போத்தலை மாத்தினால் குழாயை நிரப்பாமல் லேபலை வாசியுங்கோ.

வீதத்தில எழுதியிருந்தால்: 1 வீதம் எண்டால் 100 மி.லீ.இல 1 கிராம், அதாவது 1 மி.லீ.இல 10 மி.கி. 0.9 வீத சேலைன் 1 மி.லீ.இல 9 மி.கி. உப்பு.

கொட்டாஞ்சேனை_மலர்

காய்ச்சல் 6 மணித்தியாலத்துக்கு முதலே திரும்ப ஏறினால்? ஒரு பக்கத்து வீட்டு அக்கா மெஃபெனமிக் பாணி இடையில குடுக்கச் சொல்லுறா.

வாட்_மிஸ்

வேண்டாம், தங்கச்சி. கொழும்பில காய்ச்சல் எண்டால் டெங்கு இல்லை எண்டு உறுதியாகும்வரை மெஃபெனமிக், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனக் ஒண்டும் குடுக்கக்கூடாது. குருதிக் கசிவைக் கூட்டும். பரசிற்றமோல் மட்டும், 24 மணித்தியாலத்தில நாலு தடவைக்கு மேல இல்லை. இடையில வெதுவெதுப்பான தண்ணியால துடைச்சு, குடிக்கிறதைக் கூடக் குடுங்கோ. தடிமல் பாணிகளிலயும் பரசிற்றமோல் கலந்திருக்கும், பின்பக்கமா வைக்கிற 125 மி.கி. மருந்தும் அதேதான். எல்லாத்தையும் நாலுக்குள்ளயே எண்ணவேணும். ஒரு கடதாசியில நேரம், மி.லீ., குடுத்தவர் பெயர் எழுதி பிரிஜ் கதவில ஒட்டுங்கோ. அம்மம்மா ஒரு தரம், அப்பா ஒரு தரம் எண்டு ரெண்டு பேரும் குடுத்துப்போடுறது கூட நடக்கும்.

அளவு கூடிப் போயிட்டுது எண்டு தெரிஞ்சால் பிள்ளை சாதாரணமா விளையாடுது எண்டு பார்த்துக்கொண்டிருக்காதேங்கோ. பரசிற்றமோல் கூடினால் முதல் நாள் ஒரு குணமும் தெரியாமல் இருக்கலாம், ஈரல் பிறகுதான் காட்டும். அந்த நஞ்சை முறிக்கிற மருந்து எட்டு மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினால்தான் நல்லாப் பலிக்கும். வாந்தி எடுக்கவைக்காதேங்கோ. போத்தலையும் சிறிஞ்சையும் எடுத்துக்கொண்டு பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ கிட்டடியில இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கோ போங்கோ. வாகனம் இல்லாட்டி 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு கோல் எடுங்கோ. கொழும்பு தேசிய வைத்தியசாலையில நஞ்சு தகவல் நிலையமும் இருக்கு.

தெமட்டகொட_பாத்திமா

குடுத்த உடன சத்தியெடுத்தால் திரும்பக் குடுக்கலாமா மிஸ்?

வாட்_மிஸ்

பரசிற்றமோல் பாணி எண்டால், 30 நிமிசத்துக்குள்ள சத்தியெடுத்தால் அதே அளவை ஒருக்காத் திரும்பக் குடுக்கலாம். 30 நிமிசம் தாண்டினால் அடுத்த நேரம் வரைக்கும் பொறுங்கோ. பாதியைத்தான் துப்பினது எண்டு நினைச்சு "மிச்சத்துக்கு" குத்துமதிப்பா ஊத்தாதேங்கோ. மற்ற மருந்துகளுக்கு இந்த 30 நிமிசக் கணக்குப் பொருந்தாது. வலிப்பு மருந்து, இருதய மருந்து எண்டால் திரும்பக் குடுக்க முதல் வாட்டுக்கு கோல் எடுத்துக் கேளுங்கோ. திரும்பத் திரும்பச் சத்தியெடுத்தால் பாணியை விட்டுப்போட்டுப் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ.